முதலில் சார்ஜர், பிறகு ஜெனரேட்டர்: கேரவன் பேட்டரிக்குச் சத்தம் குறைந்த மின்சாரம்

கேரவன் பேட்டரிக்காக ஜெனரேட்டர் வாங்கப் போகிறவர்களின் கண் முதலில் போவது அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் டெசிபல் எண்ணில்தான். அதைப் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் மூன்றாவதாக. பேட்டரி எவ்வளவு ஆம்பியர் வாங்கிக்கொள்ளும், வண்டியில் இருக்கும் சார்ஜர் எவ்வளவு கொடுக்கும் என்ற இரண்டும் தெரிந்த பிறகுதான் ஜெனரேட்டரின் அளவே தெரியவரும். 48 டெசிபலில் முனகிக்கொண்டு ஆறு மணி நேரம் ஓடும் மெஷினைவிட, 53 டெசிபலில் ஒன்றரை மணி நேரம் ஓடி நின்றுவிடும் மெஷினைத்தான் பக்கத்து வண்டிக்காரர் விரும்புவார். எத்தனை மணி நேரம் ஓடும் என்பதைத் தீர்மானிப்பது சார்ஜரும் வயரும் பேட்டரியும்.

லெட்-ஆசிட் பேட்டரியிலிருந்து தொடங்கலாம். தண்ணீர் ஊற்றும் சாதாரண டீப் சைக்கிள் பேட்டரி (ஆழமாக இறக்கி ஏற்றத் தக்க வகை), தன் ஏஎச் (ஆம்பியர்-மணி) அளவில் 20 முதல் 25 சதவீதம் வரை ஆம்பியரைத் தாங்கும். 200 ஏஎச் பேட்டரித் தொகுப்பு என்றால் 40 முதல் 50 ஆம்பியர். ஏஜிஎம் (அமிலம் கண்ணாடி இழையில் ஊறிய, மூடிய லெட்-ஆசிட் வகை) இன்னும் கொஞ்சம் கூடுதலாக வாங்கும். இரண்டுக்குமே பாதியிலிருந்து 80 சதவீதம் வரை ஏறுவதுதான் வேகமான பகுதி. 50 ஆம்பியர் சார்ஜர் இருந்தால் அந்த 60 ஏஎச்சை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் ஏற்றிவிடலாம். அதன்பின் பேட்டரியே வாயை மூடிக்கொள்ளத் தொடங்கும். வோல்டேஜ் 14.4-ல் நிற்க, ஆம்பியர் 30, 20, 10 என்று இறங்கிக்கொண்டே போகும். கடைசி 20 சதவீதத்துக்கு நான்கைந்து மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுக்க எந்த ஜெனரேட்டரை ஓட்டினாலும் பெட்ரோல் வீண், சத்தமும் வீண். பெரிய ஜெனரேட்டர் வாங்கினால் சீக்கிரம் முடியும் என்று நினைப்பதும் தவறு. வாங்க மறுப்பது பேட்டரி. பின்னால் இருக்கும் எஞ்சினின் அளவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அதனால் காலையில் ஜெனரேட்டர், பகலில் சோலார் என்ற முறைதான் லெட்-ஆசிட்டுக்குப் பொருத்தம். இரவு முழுக்க இறங்கிய பேட்டரி காலையில்தான் அதிக ஆம்பியரை வாங்கும். ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் ஓட்டி 80 சதவீதத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், மீதியை 200 வாட் பேனல் வெயிலில் பொறுமையாக முடித்துக்கொள்ளும். மாலையில் ஓட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: சோலார் ஏற்கெனவே பாதி ஏற்றிய பேட்டரிக்கு மெதுவான பகுதியை ஜெனரேட்டரால் ஏற்றுகிறார்கள். சோலாரே இல்லாதவர்கள் வாரத்துக்கு ஒரு தடவையாவது வெளிமின் (முகாமின் மின் இணைப்பு) கிடைக்கும் இடத்தில் முழுதாக ஏற்றிவிட வேண்டும். 80 சதவீதத்திலேயே மாதக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். முழுதாக ஏறியதா என்பதை, அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் பாருங்கள். 1.265 அருகே இருந்தால் முழுது, 1.190 என்றால் பாதிதான். சார்ஜரின் பச்சை விளக்கை நம்ப வேண்டாம்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி இந்தக் கணக்கை அடியோடு மாற்றுகிறது. ஏஎச் அளவில் பாதியை ஆம்பியராக, அதாவது 200 ஏஎச்சுக்கு 100 ஆம்பியர் வரை, கிட்டத்தட்ட கடைசிவரை அதே வேகத்தில் வாங்கிக்கொள்ளும். 20 சதவீதத்திலிருந்து 95 வரை 150 ஏஎச்; 60 ஆம்பியர் சார்ஜரில் இரண்டரை மணி நேரம். அன்றாடம் நூறு சதவீதம் தொட வேண்டிய அவசியமும் இல்லை. ஜெனரேட்டர் ஓடும் நேரத்தைக் குறைக்கத்தான் பணம் செலவழிக்கிறீர்கள் என்றால், அந்தப் பணம் முதலில் போக வேண்டிய இடம் இதுதான் என்பேன். ஒரு எச்சரிக்கை: பேட்டரி செல்லின் வெப்பநிலை பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்றக்கூடாது. பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்றான பிஎம்எஸ் துண்டித்துவிடும். குளிர்காலக் காலையில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும், ஒரு ஆம்பியர்கூட ஏறாது. ஹீட்டர் பொருத்திய பேட்டரியா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி சார்ஜர். பழைய கேரவன்கள் பலவற்றில் இருக்கும் கன்வெர்ட்டர் (வெளி மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றதாக மாற்றும் பெட்டி) 13.6 வோல்ட்டில் நிலையாக நிற்கும் வகை. பேட்டரி 14.4 கேட்கிறது, இது 13.6 கொடுக்கிறது. மேலே 55 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் அரைமணி நேரத்துக்குள் 15, 10 என்று இறங்கிவிடும். ஜெனரேட்டர் ஓடும் சத்தம் கேட்கும், பேட்டரி ஏறாது. இப்படிப்பட்ட வண்டிக்குப் புது ஜெனரேட்டர் வாங்குவதால் ஒரு பலனும் இல்லை. பல்க் (முழு ஆம்பியர்), அப்சார்ப்ஷன் (வோல்டேஜ் நிற்க ஆம்பியர் இறங்குவது), ஃப்ளோட் (நிறைந்ததை அப்படியே காப்பது) என்று மூன்று நிலை உள்ள, பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் வசதியுள்ள சார்ஜராக மாற்றுங்கள். பாதி பேருக்குப் பிரச்சினை அதோடு தீர்ந்துவிடும்.

மாற்றும்போது அது இருக்கும் இடத்தையும் மாற்றுங்கள். இதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. கன்வெர்ட்டர் வண்டியின் பின்பக்கத்தில், பேட்டரி முன்பக்கத்தில், நடுவில் ஆறு மீட்டர் மெல்லிய வயர் என்பது வழக்கமான அமைப்பு. தாமிர வயரின் தடையைக் கண்டுபிடிப்பது எளிது: போகவர மொத்த நீளத்தை மீட்டரில் எடுத்து 0.0175-ஆல் பெருக்கி, வயரின் ஸ்கொயர் எம்எம் அளவால் வகுத்தால் ஓம் வரும். 8 ஸ்கொயர் எம்எம் வயர், போகவர 12 மீட்டர் என்றால் 0.026 ஓம். அதில் 50 ஆம்பியர் ஓடினால் 1.3 வோல்ட் வழியிலேயே போய்விடும். சார்ஜர் தன் முனையில் 14.4 பார்க்கிறது, பேட்டரி முனையில் 13.1தான் இருக்கிறது. பேட்டரி நிறையப் போகிறது என்று சார்ஜர் தப்புக்கணக்குப் போட்டு ஆம்பியரைக் குறைத்துவிடும். அதே சார்ஜரைப் பேட்டரிக்கு ஒன்றரை மீட்டருக்குள் கொண்டுவந்து 35 ஸ்கொயர் எம்எம் வயரில் இணைத்தால் இழப்பு 0.1 வோல்ட்டுக்கும் கீழே. சந்தேகம் இருந்தால் சார்ஜ் ஏறும்போதே மல்ட்டிமீட்டரில் இரண்டு முனையிலும் அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் வயரை மாற்ற வேண்டும். வயர் முனையில் மாட்டும் லக்குகளை ஹைட்ராலிக் கிரிம்ப்பில் அழுத்துங்கள், பாசிட்டிவ் வயரில் பேட்டரிக்கு மிக அருகே ஃபியூஸ் போடுங்கள். தண்ணீர் ஊற்றும் லெட்-ஆசிட் பேட்டரி இருக்கும் அறைக்குள்ளேயே சார்ஜரை வைத்துவிடாதீர்கள். சார்ஜ் ஏறும்போது வரும் ஹைட்ரஜனுக்கு ஒரு பொறி போதும்.

சார்ஜர் தீர்மானமான பிறகு ஜெனரேட்டருக்கான கணக்கு. 60 ஆம்பியர், 14.4 வோல்ட்: 864 வாட் பேட்டரிக்குள் போகிறது. சார்ஜரின் திறன் 85 சதவீதம் என்றால் ஏசி பக்கம், அதாவது ஜெனரேட்டரிலிருந்து, 1016 வாட் இழுக்கும். கணக்கை இதோடு நிறுத்தினால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் பவர் ஃபேக்டர் இன்னும் பாக்கியிருக்கிறது. வாட்டை அதனால் வகுத்தால் விஏ (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிய அளவு) வரும். பவர் ஃபேக்டர் திருத்தம் இல்லாத சார்ஜர்கள் 0.7 அளவில் இருக்கும். அப்போது ஜெனரேட்டரின் இன்வெர்ட்டர் பலகை (ஏசியை உருவாக்கும் மின்னணுப் பலகை) தர வேண்டியது 1450 விஏ. திருத்தம் உள்ள சார்ஜர் 0.98 அளவில் இருப்பதால் அதே வேலைக்கு 1040 விஏ போதும். வாட்டைச் சுமப்பது எஞ்சின், விஏவைச் சுமப்பது பலகை. இரண்டில் எது தாண்டினாலும் ஓவர்லோட் விளக்கு எரியும்.

இது சின்ன ஜெனரேட்டர்களில்தான் அதிகம் உறைக்கும். 1000 வாட் என்று விற்கும் மெஷினின் தொடர்ச்சியான அளவு பெரும்பாலும் 900 தான். 45 ஆம்பியர் சார்ஜர் 760 வாட் இழுக்கிறது, தாராளமாகப் போதும் என்று தோன்றும். பவர் ஃபேக்டர் 0.7 என்றால் 1090 விஏ. மாட்டிய சில நொடிகளில் மெஷின் கையை விரித்துவிடும். அதே 45 ஆம்பியரில் திருத்தம் உள்ள சார்ஜர் 780 விஏவோடு அந்தக் குட்டி மெஷினில் நிம்மதியாக ஓடும். சார்ஜரின் தகவல் தாளில் பவர் ஃபேக்டர் எழுதியிருக்கவில்லை என்றால், திருத்தம் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பிளக்கில் செருகும் வாட் மீட்டர் ஒன்றை வைத்து அளக்கலாம். வாட், விஏ இரண்டையும் அது தனித்தனியாகக் காட்டும்.

அடுத்தது உயரம். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 3.5 சதவீதம் பலத்தை இழக்கும். 2000 மீட்டர் மலையில் 900 வாட் மெஷின் 690 வாட்தான் தரும். மேலே சொன்ன 45 ஆம்பியர் சார்ஜர் அங்கே ஓடாது. கார்புரேட்டர் மெஷின் என்றால் மலையில் பெட்ரோல் கலவை அடர்த்தியாகிக் கரும்புகை விடும், ஸ்பார்க் பிளக் கறுக்கும். மாதக்கணக்கில் மலையிலேயே தங்குகிறவர்கள் அதற்கான சிறிய மெயின் ஜெட்டை (பெட்ரோல் போகும் துளை) மாற்றிக்கொள்ள வேண்டும். இறங்கி வந்ததும் பழைய ஜெட்டைத் திரும்பப் போட மறந்தால் கலவை மெலிந்து எஞ்சின் சூடேறிக் கெடும்.

எல்லாம் கூட்டிப் பார்த்தால், 60 ஆம்பியர் வரை சார்ஜர் வைத்திருப்பவர்களுக்கு 2000 வாட் வகுப்பு இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்தான் சரியான இடம். தொடர்ச்சியாக 1600 முதல் 1800 வாட் தரும், இருபது, இருபத்தைந்து கிலோ எடையில் ஒரு ஆள் தூக்கலாம். இந்த வகுப்பில் பலரும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஹோண்டா இயு2200ஐ 121 சிசி எஞ்சின், 1800 வாட் தொடர்ச்சி, ஏறக்குறைய 21 கிலோ. கால் லோடில் 48, முழு லோடில் 57 டெசிபல் என்று அதன் தயாரிப்பாளர் தருகிறார். 3.6 லிட்டர் டேங்க் கால் லோடில் 8.1 மணி நேரம், முழு லோடில் 3.2 மணி நேரம் வரும். இந்த இரண்டு எண்களை வகுத்துப் பாருங்கள்: கால் லோடில் லிட்டருக்கு ஒரு யூனிட் மின்சாரம், முழு லோடில் 1.6 யூனிட். மெதுவாக நீண்ட நேரம் ஓட்டுவது சிக்கனம் என்ற நம்பிக்கை இங்கே உடைகிறது. நல்ல லோடு கொடுத்துச் சீக்கிரம் நிறுத்துவதுதான் பெட்ரோலையும் மிச்சப்படுத்தும், அமைதியையும் தரும்.

திறந்த சட்டத்தில் இருக்கும் சாதாரண ஜெனரேட்டர், இன்வெர்ட்டர் வகையின் விலையில் பாதிகூட இருக்காது. ஆனால் 60 ஹெர்ட்ஸ் தர நிமிடத்துக்கு 3600 சுற்று, 50 ஹெர்ட்ஸ் தர 3000 சுற்று என்று லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே வேகத்தில் கத்தும். இன்வெர்ட்டர் வகையில் எஞ்சின் தரும் மின்சாரம் முதலில் டிசியாகி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்), பிறகு பலகையில் சுத்தமான ஏசியாக மாறுவதால் எஞ்சினின் வேகத்துக்கும் ஹெர்ட்ஸுக்கும் சம்பந்தமில்லை. லோடுக்கு ஏற்ப வேகம் இறங்கும். ஈகோ சுவிட்ச் செய்வது அதைத்தான். பேட்டரி சார்ஜ் திடீரென்று துள்ளாத லோடு, ஆகவே ஈகோவைப் போட்டே வையுங்கள். ஏர் கண்டிஷனர், மைக்ரோவேவ் ஓட்டும்போது மட்டும் அணைக்கவும்.

டெசிபல் எண்ணைப் படிக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை மீட்டரில், எத்தனை லோடில்? 7 மீட்டரில் 52 என்பதும் 3 மீட்டரில் 59 என்பதும் ஒரே மெஷின்தான். தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைந்தால் காதுக்குப் பாதியாகக் கேட்கும். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் விதி 50 அடியில் 60 டெசிபல். 7 மீட்டருக்கு மாற்றினால் அது 67 அருகே வரும், நல்ல இன்வெர்ட்டர் மெஷின் எதுவும் அதைத் தாண்டாது. ஆனால் விதிக்குள் இருப்பதும் பக்கத்து வண்டியில் குழந்தை தூங்குவதும் வேறு வேறு. 2000 வாட் மெஷின்கள் இரண்டை பேரலல் கேபிளில் இணைத்தால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். ஏர் கண்டிஷனர் ஓட்டும் நாளுக்கு இரண்டும், சார்ஜுக்கு ஒன்றும் என்று வைத்துக்கொள்வது ஐம்பது, அறுபது கிலோ எடையுள்ள ஒரே 3000 வாட் மெஷினைவிட முதுகுக்கு நல்லது.

தூரத்தை வயரால் வாங்கலாம். டிசி வயரில் ஒரு மீட்டர்கூட விலை அதிகம், ஏசி வயரில் இருபது மீட்டர்கூட மலிவு. 1000 வாட் லோடுக்கு 20 மீட்டர் நீள 2.5 ஸ்கொயர் எம்எம் கேபிளில் 120 வோல்ட்டில்கூட இரண்டு சதவீதம்தான் இழப்பு. 230 வோல்ட்டில் கண்ணுக்கே தெரியாது. கேபிளைச் சுருளாக வைத்து ஓட்டாதீர்கள், முழுக்க விரித்துவிடுங்கள். சுருளில் சூடேறி உறை உருகும். மெஷினை ரப்பர் பாயில், மண் தரையில் வையுங்கள். வண்டியின் பம்பரிலோ இரும்புத் தட்டிலோ வைத்தால் அதிர்வு வண்டி முழுக்கப் பரவி, உள்ளே இருப்பவருக்கு மெஷின் இரண்டு மடங்காகக் கேட்கும். பெட்டி செய்து மூடும் யோசனையைக் கைவிடுங்கள். சூடான காற்றையே திரும்ப இழுத்து ஓவர்ஹீட் ஆகும், தீப்பிடிக்கும். சத்தம் போகக்கூடாத திசையில் ஒரு மீட்டர் தள்ளி இரண்டு பிளைவுட் பலகையை எல் வடிவில் நிறுத்துவதே போதும்.

கார்பன் மோனாக்சைடு பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை, தூங்குகிறவரை எழுப்பாது. ஜன்னல், கதவு, கூரைத் துவாரம் எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது 6 மீட்டர் தள்ளி, காற்று புகையை வண்டியிலிருந்து விலக்கிக் கொண்டுபோகும் பக்கம் பார்த்து, சைலன்சர் முகம் வெளிப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். பக்கத்து வண்டியின் ஜன்னலையும் சேர்த்து எண்ணுங்கள். வெய்யில் மறைப்புத் துணிக்குக் கீழேயும், வண்டிக்கு அடியிலும், கதவைத் திறந்துவைத்த சாமான் அறையிலும் வைக்கக்கூடாது. உள்ளே கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா, அதன் காலாவதி வருடம் தாண்டவில்லையா என்று பாருங்கள். மெஷினிலேயே அந்த சென்சார் இருந்து தானாக நிற்கும் மாடல் கிடைத்தால் அதையே வாங்குங்கள். இருந்தாலும் அது வண்டிக்குள் இருக்கும் அலாரத்துக்கு மாற்று இல்லை.

ஜெனரேட்டரின் முகப்பில் 12 வோல்ட் டிசி முனை ஒன்று இருக்கும். பேட்டரி படம் போட்டிருப்பதால் நேராக அதில் மாட்டத் தோன்றும். அதில் வருவது சுமார் 8 ஆம்பியர், வோல்டேஜ் கட்டுப்பாடும் கிடையாது. 100 ஏஎச் ஏற்ற 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பல மாடல்களில் அதைப் பயன்படுத்தும்போது ஈகோவையும் அணைக்கச் சொல்கிறது கையேடு. நின்றுபோன காரின் பேட்டரிக்குக் கொஞ்சம் சார்ஜ் ஏற்ற அது உதவும், கேரவன் பேட்டரிக்கு ஆகாது. எப்போதும் ஏசி முனையிலிருந்து சார்ஜர் வழியாகவே போங்கள்.

ஓட்டும் முறை இப்படி: எல்லா லோடையும் அணைத்துவிட்டு மெஷினைக் கிளப்பி, இரண்டு மூன்று நிமிடம் சூடாக விடவும். வண்டிக்குள் வாட்டர் ஹீட்டரின் கரன்ட் சுவிட்ச் கண்டிப்பாக அணைந்திருக்க வேண்டும். சும்மா 1400 வாட் தின்னும். ஆட்டோ நிலையில் வைத்திருக்கும் கேஸ் ஃப்ரிட்ஜும் ஜெனரேட்டர் மின்சாரம் வந்த உடனே தானாகக் கரன்டுக்குத் தாவி 300 வாட் இழுக்கும், அதை கேஸிலேயே நிறுத்துங்கள். சார்ஜ் எடுக்கவில்லை, ஓவர்லோட் ஆகிறது என்று மெஷினைக் குறை சொல்லுமுன் இந்த இரண்டையும் பாருங்கள். பிறகு கேபிளை மாட்டி, பேட்டரி வயரில் டிசி கிளாம்ப் மீட்டரைப் போட்டு எத்தனை ஆம்பியர் போகிறது என்று பார்க்கவும். அது சார்ஜர் அளவில் கால் பங்குக்கு இறங்கியதும் நிறுத்துவது நல்ல கணக்கு. நிறுத்தும்போது லோடை எடுத்துவிட்டு ஓரிரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். ஓவர்லோட் ஆனால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், மின்சாரம் மட்டும் நின்றிருக்கும். லோடைக் குறைத்து, எஞ்சினை நிறுத்தி மறுபடி கிளப்பினால் சரியாகும். இன்வெர்ட்டர்-சார்ஜர் சேர்ந்த யூனிட் வைத்திருப்பவர்கள் அதன் ஏசி உள்வரும் ஆம்பியர் வரம்பைக் குறைத்து வைக்க வேண்டும்: 1800 வாட் மெஷினுக்கு 120 வோல்ட்டில் 13, 230 வோல்ட்டில் 7 ஆம்பியர்.

சில வண்டிகளில் சர்ஜ் பாதுகாப்புப் பெட்டி ஜெனரேட்டரை ஏற்கவே மறுக்கும், எர்த் இல்லை என்று பிழை காட்டும். மெஷின் பழுதில்லை. இந்த வகை ஜெனரேட்டர்களில் பெரும்பாலும் நியூட்ரல் எர்த்தோடு சேராமல் மிதக்கும், பெட்டி அந்த இணைப்பைத் தேடுகிறது. நியூட்ரலையும் எர்த்தையும் உள்ளே இணைத்த டம்மி பிளக் ஒன்றை ஜெனரேட்டரின் காலி முனையில் செருகினால் ஏற்றுக்கொள்ளும். உங்கள் மாடலின் கையேடு அதை அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். அந்தப் பிளக்கில் பெரிய எழுத்தில் குறித்துவையுங்கள், வெளிமின் இணைப்பில் அதை ஒருபோதும் செருகக்கூடாது.

பராமரிப்பில் கெடுவது பெரும்பாலும் ஒன்றே: கார்புரேட்டரில் தேங்கிய பழைய பெட்ரோல். இரண்டு மாதம் கிடந்தாலே பைலட் ஜெட்டில் பிசின் கட்டும். அப்புறம் எஞ்சின் நிலையாக ஓடாமல் ஏறி இறங்கி முனகும், சோக்கைப் பாதி இழுத்தால் சீராகும். இந்த அறிகுறி வந்தால் ஜெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியதுதான். வராமல் தடுக்க, ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் எரிபொருள் வால்வை மூடிவிட்டு, மெஷின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். எத்தனால் கலக்காத பெட்ரோல் கிடைத்தால் அதையே ஊற்றுங்கள். மாதம் ஒரு முறை பாதி லோடில் அரைமணி நேரம் ஓட்டுங்கள். கேஸில் ஓடும் இரட்டை எரிபொருள் மாடலில் இந்தத் தொல்லையே இல்லை. பலம் ஏறக்குறைய பத்து சதவீதம் குறையும், அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எண்ணெய் முதல் 20 மணி நேரத்தில் ஒரு முறை, பிறகு 100 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுவது வழக்கம். 10டபிள்யூ-30, அரை லிட்டருக்கும் குறைவாகத்தான் பிடிக்கும். அளவு தாண்டி ஊற்றினால் அது காற்று வடிகட்டிக்கு ஏறி வெள்ளைப் புகை வரும். குறைந்தாலோ, மெஷின் சரிவில் சாய்ந்து நின்றாலோ எண்ணெய் சென்சார் எஞ்சினை நிறுத்திவிடும், எத்தனை முறை இழுத்தாலும் கிளம்பாது. காலையில் கயிற்றை இழுத்து இழுத்துக் கை வலிக்கும் முன், கீழே ஒரு பலகையை வைத்து மெஷினை மட்டப்படுத்திவிட்டு, மூடியைத் திறந்து எண்ணெய் விளிம்புவரை நிற்கிறதா என்று பாருங்கள்.